புதுப்பிப்பு: அப்பாவின் குறட்டையும் காலைச் சர்க்கரையும்

சாப்பாட்டுக் கட்டுப்பாடு, மாத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தும் அப்பாவுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் இறங்கவே மாட்டேன் என்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். "குறட்டை உண்டா?" என்று கேட்டவர்களுக்கு நன்றி. உண்டு, தெருவுக்கே கேட்கும்.

தூக்கப் பரிசோதனை செய்தோம். ஸ்லீப் அப்னியா. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, மூளை உலுக்கி எழுப்புகிறது, அந்த அவசரத்தில் அட்ரினலின் மாதிரி ஹார்மோன்கள் கூடி, கல்லீரல் சர்க்கரையை வெளியே விட, இன்சுலினும் சரியாக வேலை செய்வதில்லை. ராத்திரி முழுக்க இதே கதை என்றால் காலையில் மீட்டர் வேறு என்ன காட்டும்? அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதற்கும் அப்னியா ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

குறட்டை இல்லாதவர்கள் ரொம்ப நிம்மதியாக இருக்க வேண்டாம், தூக்கம் குறைந்தாலும் சர்க்கரைக்குச் சிக்கல்தான். 1999இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் 11 பேரை 6 இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். ரத்தத்திலிருந்து சர்க்கரை நீங்கும் வேகம் சுமார் 40 சதவீதம் குறைந்துவிட்டது.

அப்பா இப்போது சிபேப் (மூச்சுப்பாதை அடைபடாமல் இருக்க அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் கருவி) மாஸ்க்கோடு தூங்குகிறார். முதலில் "இதென்ன யானைத் தும்பிக்கை" என்று கழற்றி எறிந்தார், அப்புறம் மூக்கை மட்டும் மூடும் மாஸ்க் மாற்றியதும் பழகிவிட்டது. பகலில் சாய்ந்து விழுவது போய்விட்டது. சர்க்கரை? கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. சிபேப் போட்டால் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) குறையுமா என்பதில் ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை, அதனால் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்ட அண்ணனுக்கு: கூடாது. அடுத்த ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.