புதுப்பிப்பு: அப்பாவின் தலைசுற்றலுக்குக் காரணம் தெரிந்தது

பிரஷர் மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்குப் படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறதே, பிரஷர் ஏறியதாலா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒரு தடவை அளந்து பாருங்கள்" என்ற யோசனைதான் விடை தந்தது. படுக்கையில் 152/88. நின்றதும் 124/76, கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

நாங்கள் எதிர்பார்க்காதது, புராஸ்டேட்டுக்குச் சாப்பிட்டுவந்த டாம்சுலோசின். அதுவும் பிரஷரை இறக்குமாம். அதை மட்டும் டாக்டர் மாற்றிக் கொடுத்தார். பிரஷர் மாத்திரை அப்படியே தொடர்கிறது. அப்புறம், கட்டில் விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுகிறார். இப்போது சுற்றல் இல்லை.