வீட்டுப் பொடி வியாபாரத்துக்கு முதல் வெப்சைட்: நாமே போட முடியுமா?

கேட்டவர்: பொடிடப்பா

ஈரோட்டில் வீட்டிலேயே அரைத்து 250 கிராம் பாக்கெட்டாக எட்டு வகைப் பொடி விற்கிறோம். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். யார் பணம் போட்டாங்க, யார் போடலைன்னு ஸ்கிரீன்ஷாட்டை வெச்சுச் சரிபார்க்கிறதுக்குள்ள ராத்திரி ஆயிடுது. வெப்சைட் போட ஒருத்தர் 45,000 ரூபாய் கேக்கிறார், டொமைனும், அதாவது வெப்சைட் முகவரியும், அவர் பேர்லதான் இருக்குமாம். கோடிங் தெரியாது. நாமளே செய்யலாமா?

பதில்: குறிமுறை

செய்யலாம். முதலில், டொமைனை அவர் பேரில் விடாதீர்கள். அது கடையின் பெயர்ப்பலகை. நாளைக்கு அவரோடு மனத்தாங்கல் வந்தால் பலகையும் போய்விடும். உங்கள் மெயில் ஐடியில் நீங்களே வாங்குங்கள். வாங்கும்போது முதல் வருட விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும்.

எட்டுப் பொருளுக்கு வெப்சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸும், அதில் கடை வசதியைச் சேர்க்கும் வூகாமர்ஸும் போதும், இரண்டும் இலவசம். ஸ்டோர்ஃபிரன்ட் என்ற தீமும், அதாவது தளத்தின் தோற்ற வடிவமைப்பும், இலவசம்தான். செலவு டொமைனுக்கும், சைட்டை வைக்க இடம் தரும் ஹோஸ்டிங்குக்கும் மட்டும். சைட்டுக்கும் பிரவுசருக்கும் இடையே போகும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் காசு கேட்கும் ஹோஸ்டிங் வேண்டாம். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செல்போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்கவே திறக்காது. 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி (WebP) என்ற பட வடிவில், 150 கேபிக்குள் வையுங்கள். பாக்கெட்டின் முன்பக்கம், பின்பக்க லேபிள், தட்டில் கொட்டிய பொடி என்று மூன்று படம் போதும். பொருள் பக்கத்தில் எம்ஆர்பி, நிகர எடை, தயாரிப்பாளர் பெயர், முகவரி, புகார் சொல்லும் எண், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) எண் எல்லாம் இருக்கட்டும்.

பக்கங்களைச் சேமித்து வைத்து வேகமாகக் காட்டும் கேஷ் பிளக்இன் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) போட்டால் கார்ட் (கூடை), செக்கவுட் (பணம் கட்டும் பக்கம்), மை அக்கவுன்ட் மூன்று பக்கங்களையும் அதிலிருந்து விலக்கிவிடுங்கள். விலக்காவிட்டால் ஒருவர் கூடையில் போட்டது இன்னொருவர் திரையில் தெரியும் கூத்தெல்லாம் நடக்கும்.

பதில்: கல்லாப்பெட்டி

உங்க தலைவலியே பணக் கணக்குதான், அதனால சைட்டுல வாடிக்கையாளர்கிட்ட பணம் வாங்கி உங்க கணக்குக்கு அனுப்புற சேவையான பேமென்ட் கேட்வேயைப் பத்தி முக்கியமா சொல்றேன். விண்ணப்பிக்கும் முன்னாடியே ஐந்து பக்கம் தயாரா இருக்கணும்: தொடர்பு, விதிமுறைகள், தனியுரிமை, பணம் திருப்பித் தரும் முறை, டெலிவரி முறை. இதில் ஒண்ணு குறைஞ்சாலும் விண்ணப்பம் திரும்பி வரும். பான் கார்டுல உள்ள பேரும் பேங்க் கணக்குப் பேரும் ஒத்துப் போகலைன்னாலும் அதே கதைதான்.

கேட்வே கட்டணம் 2% என்றால், அந்தக் கட்டணத்து மேல 18% ஜிஎஸ்டி உண்டு. 500 ரூபாய் ஆர்டருக்கு 11.80 போயிடும். விலை வைக்கும்போதே இதைச் சேர்த்துக்குங்க.

நிறைய பேர் தவறவிடுறது வெப்ஹுக், அதாவது பணம் வந்ததை கேட்வே நேரா உங்க சைட்டுக்குச் சொல்ற வழி. வாடிக்கையாளர் யுபிஐ ஆப்புக்குப் போய்ப் பணம் கட்டிட்டு, திரும்ப உங்க சைட்டுக்கு வராமலே மூடிடுவார். பணம் வந்திருக்கும், ஆனா ஆர்டர் ‘பணம் வரவில்லை’ன்னே நிக்கும். ஸ்டாக் கணக்கு ஓடிட்டிருந்தா, வூகாமர்ஸ் அப்படிப்பட்ட ஆர்டரை 60 நிமிஷத்துல தானாவே ரத்து பண்ணிடும். கேட்வே கணக்குல வெப்ஹுக் முகவரியையும் ஒரு ரகசியக் குறியையும் பதிஞ்சு, அதே குறியை உங்க சைட்டுல இருக்கிற கேட்வே பிளக்இன்லயும் போடுங்க. அப்ப கேட்வேயே நேரா உங்க சைட்டுக்குத் தகவல் சொல்லிடும். 10 ரூபாய்ல ஒரு சோதனைப் பொருள் வெச்சு, பணம் கட்டின உடனே பிரவுசரை மூடிப் பாருங்க. ஆர்டர் தானா மாறினா சரி.

இன்னொண்ணு, ஆர்டர் மெயில். ஹோஸ்டிங்கோட சாதாரண மெயில்ல அனுப்பினா ஸ்பாம்ல விழும். முறையான மெயில் சர்வர் வழியா அனுப்புற எஸ்எம்டிபி பிளக்இன் போட்டு, டொமைனோட டிஎன்எஸ்ல (டொமைன் அமைப்புப் பதிவுகள்) எஸ்பிஎஃப், டிகிம் (மெயில் உங்ககிட்டேர்ந்துதான் வருதுன்னு காட்டுற பதிவுகள்) ரெண்டையும் சேருங்க. கடை மெயில் ஐடியும் உங்க டொமைன்லயே இருக்கட்டும்.

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பார்சல் கட்டுற பழக்கத்தை இன்னைக்கே விட்டுடுங்க. போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்க ஒரு நிமிஷம் போதும்.

கேட்டவர்: பொடிடப்பா

வெப்ஹுக்னு ஒண்ணு இருக்கிறதே இப்பதான் தெரியுது, நன்றி. கூரியர் செலவை எப்படி வைக்கிறது? பெங்களூர்லயும் பாண்டிச்சேரியிலயும் கேக்கிறாங்க.

பதில்: பார்சல்கட்டு

பெங்களூருக்கு அனுப்பும் முன் ஜிஎஸ்டியைப் பாருங்க. தமிழ்நாட்டுக்குள் சொந்த சைட்டில் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. வரி உள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு கட்டாயம். பாண்டிச்சேரியும் இதில் வெளிமாநிலக் கணக்குத்தான். கடலூரிலிருந்து பக்கம் என்பதெல்லாம் எடுபடாது.

பதிவு எடுக்கும்வரை வூகாமர்ஸில் தமிழ்நாடு என்று ஒரே ஒரு ஷிப்பிங் மண்டலம் போடுங்க. மற்ற மாநிலங்களுக்கு டெலிவரி முறையே வைக்காவிட்டால் அங்கிருந்து ஆர்டர் முடிக்க முடியாது.

எடையில்தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. கூரியர்காரர் தராசு எடையையும் பெட்டி அளவையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. 30, 20, 15 அளவுப் பெட்டி 1.8 கிலோ ஆகும். அதற்குள் நாலு பாக்கெட் வைத்தால் பொடி ஒரு கிலோதான், மீதி 800 கிராம் காற்றுக்குக் காசு. 20, 15, 10 அளவுப் பெட்டி என்றால் 0.6 கிலோ, அதில் நாலு பாக்கெட் அடங்கிவிட்டால் தராசு எடைக்கு மட்டும் கட்டினால் போதும். உங்க பாக்கெட்டை அடுக்கி அளந்துவிட்டு இரண்டே அளவில் பெட்டி வாங்குங்க, ஷிப்பிங் விலையையும் அந்த இரண்டுக்கு மட்டும் வையுங்க.