வைஃபை 7 லேப்டாப்பில் 320 மெகாஹெர்ட்ஸ் உண்டா, இல்லையா?

கருவண்டு: "புதுசா வர்ற லேப்டாப் எல்லாத்துலயும் வைஃபை 7 முழுசா இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்"னு செம்பியன் எழுதியிருக்கார். முழுசான்னா 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலம் எங்கே சார்? டேட்டா போற பாதையோட அகலம் அது, கூடினா வேகமும் கூடும். மீடியாடெக் எம்டி7925, இன்டெல் பிஇ202 ரெண்டுமே வைஃபை 7 கார்டுதான். ரெண்டும் 160-க்கு மேல போகாது. உச்ச இணைப்பு வேகம் 2882 மெகாபிட். 320 உள்ள இன்டெல் பிஇ200-ல 5764. பாதிக்குப் பாதி!

செம்பியன்: வைஃபை 7-ஓட தரப் பேரே 802.11பிஇ, அது இருந்தா வைஃபை 7. சான்று தர்ற அமைப்பான வைஃபை அலையன்ஸ் 2024 ஜனவரியிலேயே சான்று கொடுக்க ஆரம்பிச்சாச்சு. அவங்களை விட உங்களுக்குத் தெரியுமோ?

தாமரை: தரத்தை வகுக்கற ஐஇஇஇ அமைப்பு 802.11பிஇ-க்கு ஒப்புதல் கொடுத்ததே 2024 செப்டம்பர்லதான். அதுக்கு முன்னாடி வந்த கார்டெல்லாம் வரைவைப் பார்த்துச் செஞ்சது. அதை ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க?

செம்பியன்: 2007-லயும் இதே பூச்சாண்டிதான் காட்டினாங்க. பழைய வைஃபை 4, அதாவது 802.11என் வரைவு 2.0-க்குச் சான்று தந்தாங்க, இறுதித் தரம் 2009-ல வந்தது. வரைவு கார்டெல்லாம் குப்பைக்கா போச்சு?

கருவண்டு: பேச்சை மாத்தாதீங்க. 320 இருக்கா, இல்லையா? வாங்கறவங்க டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் அடாப்டர்ஸைத் திறந்து கார்டோட மாடல் எண்ணைப் பாருங்க. கமாண்ட் பிராம்ப்ட்ல "netsh wlan show drivers" அடிச்சா 802.11பிஇ-ன்னு காட்டும், சரி. சேனல் அகலத்தை அது சொல்லாது. அதனால மாடல் எண்ணை வச்சு விவரக்குறிப்பைத் தேடித்தான் ஆகணும். விண்டோஸ் 11-ஓட 24எச்2 பதிப்புக்குக் கீழ இருந்தா கார்டு எதுவானாலும் வைஃபை 6 மாதிரிதான் ஓடும். 320 கிடைக்கிறது 6 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும். அங்க டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறை கட்டாயம், ரவுட்டர்ல பழைய டபிள்யூபிஏ2 மட்டும் வச்சா இணையவே முடியாது. ரவுட்டர்ல அகலத்தை 320-ன்னு வச்சுட்டு பக்கத்துலயே உட்கார்ந்து பாருங்க. அப்பவும் இணைப்பு வேகம் 2882-ஐத் தாண்டலைன்னா உங்க கார்டு பெரும்பாலும் 160-தான்.

செந்தூரன்: இதுக்கு இவ்வளவு சண்டையா? பழைய கார்டைக் கழட்டிட்டு பிஇ200-ஐ மாட்டினா முடிஞ்சது. எம்.2 2230 அளவு, ரெண்டு ஆன்டெனா ஒயர்.

கருவண்டு: ஏஎம்டி பிராசஸர் உள்ள லேப்டாப்ல மாட்டிப் பாருங்க, பெரும்பாலும் கார்டு இருக்கறதே தெரியாது. மெல்லிசான மாடல்கள் பலதுல கார்டைப் போர்டுலயே சால்டர் பண்ணியிருப்பாங்க, கழட்டவே முடியாது. இன்டெலோட இன்னொரு கார்டு பிஇ201-ஐ எடுத்து வேற மெஷின்ல போடலாம்னு நினைக்காதீங்க, அதுல பாதி வேலையை இன்டெல் பிராசஸர்தான் செய்யுது. ஆன்டெனா முனை வேற கடுகளவு. நேரா வச்சு அழுத்தணும், சாய்ச்சு அழுத்தினா போச்சு.

செந்தூரன்: டெஸ்க்டாப் இழையிலயும் இப்படித்தான் எல்லாருக்கும் பாடம் எடுத்தீங்க.

தாமரை: வரைவு பத்திக் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை.

செம்பியன்: ஒரே தடவையில கூடுதல் டேட்டா அனுப்பற 4096-க்வாம் 160-லயும் உண்டு, பல பேண்டை ஒரே இணைப்பா சேர்க்கற எம்எல்ஓ-வும் உண்டு. ஒரு எண்ணைப் பிடிச்சுத் தொங்கறது அறிவில்லை. "முழுசா"ன்னு எழுதினதுல ஒரு எழுத்தைக் கூட மாத்த மாட்டேன்.

கருவண்டு: 4096-க்வாம் ரவுட்டர் இருக்கற அறையைத் தாண்டினாலே விழுந்துடும். எம்எல்ஓ-ன்னா எந்த வகை? லேப்டாப் கார்டு பலதும் இஎம்எல்எஸ்ஆர்தான், ஒரு நேரத்துல ஒரு பேண்டுலதான் டேட்டா போகும். ரெண்டு பேண்டு வேகத்தையும் கூட்டிக் காட்டாதீங்க. எம்டி7925-ல 320 உண்டா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

செம்பியன்: 802.11பிஇ உண்டு.

கருவண்டு: நான் கேட்டது 320.