சீலியாக் குழந்தைக்கு கோதுமை இல்லாத சாப்பாடு: சேலத்தில் குறைந்த செலவில் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: அம்மாபேட்டை தறி

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணுக்கு எட்டு வயசு, அரசுப் பள்ளியில் மூணாவது படிக்கிறா. ரத்தசோகை, வயிறு உப்புசம், வளர்த்தி இல்லை. இரும்புச்சத்து டானிக் குடுத்தும் ஏறலை. எண்டோஸ்கோப்பி எடுத்து சதை டெஸ்ட் பண்ணி சீலியாக்னு உறுதி பண்ணிட்டாங்க, அதாவது கோதுமை, பார்லியில இருக்கிற குளூட்டன்ங்கிற புரதம் குடலைக் கெடுக்கிற நோயாம். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் ஆயுசுக்கும் கூடாதாம். "குளூட்டன் ஃப்ரீ"ன்னு போட்ட மாவு சாதா கோதுமை மாவைவிட மூணு நாலு மடங்கு விலை. பிஸ்கட், பிரெட் கேக்கவே வேண்டாம். தறி வருமானத்தில் நாலு பேர் சாப்பிடணும், ரேஷன் அரிசிதான் வீட்டுல. என்ன வாங்குறது, மில்லுல மாவு அரைக்கலாமா, வெறும் அரிசியே குடுத்தா சத்து பத்துமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்: லீ பஜார் தானியம்

அக்கா, அந்த பாக்கெட் மாவை மறந்துடுங்க. சப்பாத்தி, பிரெட் மாதிரியே வேணும்னு தேடினாத்தான் அந்தச் செலவு. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, களி, கம்பஞ்சோறு, ஆடி மாசம் ஊத்துற கூழ், பொரிகடலை எதுலயும் குளூட்டன் கிடையாது. நம்ம ஊர்ல பணத்தைவிடக் கவனம்தான் அதிகம் வேணும். மாவு மில், பெருங்காயம், சல்லடை, இந்த மூணு இடத்துலதான் கோதுமை அதிகமா உள்ள வருது.

எவ்வளவு கவனம்னா, சீலியாக் உள்ள பெரும்பாலானவங்களுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் குளூட்டனுக்குள்ள இருந்தா குடல் தாங்கும். ஒரு கிராம் கோதுமை மாவுல ஏறக்குறைய 80 முதல் 100 மில்லிகிராம் இருக்கு. சப்பாத்தி மாவு சலிச்ச சல்லடையில கேழ்வரகு மாவைச் சலிச்சா, கண்ணுல ஒட்டியிருக்கிற தூசியே அந்த அளவைத் தாண்டிடும். அதனால முதல் செலவு புது சல்லடை ஒண்ணு, முடிஞ்சா தனி தோசைக்கல் ஒண்ணு. சப்பாத்திக் கட்டையை அவளுக்கு எடுக்கவே வேண்டாம், மரத்துல இடுக்கு இடுக்கா மாவு நிக்கும், கழுவினாலும் போகாது.

மில்லுல முன்னாடி கோதுமை ஓடியிருந்தா கல்லுலயும் மாவு கொட்டுற துணிக்குழாய்லயும் ஒட்டியிருக்கும். ஒரு கிலோ அரிசி ஓட்டிட்டா சுத்தமாயிடும்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. கல்லு கொஞ்சம் சுத்தமாகும், துணிக்குழாயை உதறினா இன்னும் மாவு கொட்டும். சில மில்லுல ஈர அரிசிக்குன்னே தனி மிஷின் இருக்கும், அதுல கோதுமை போடுறதில்லைன்னா அங்க அரைக்கலாம். இல்லைன்னா வீட்டு மிக்ஸி, கிரைண்டர்தான்.

தானியத்தை மாவா வாங்காம முழுசா வாங்குங்க. மூட்டை மாத்திக் கட்டும்போதும் தராசுத் தட்டுலயும் நாலு கோதுமை மணி கலக்கத்தான் செய்யும். கேழ்வரகு கடுகு அளவு, கோதுமை மணி பெருசு. கேழ்வரகு மட்டும் கீழ விழுற சல்லடையில சலிச்சா கோதுமை மேலயே நின்னுடும். கம்பையும் அப்படியே பிரிச்சிடலாம், முழுசும் விழாது, மீதியைக் கையால பொறுக்குங்க. அரிசியை மட்டும் முறத்துல புடைச்சுப் பார்த்துத்தான் எடுக்கணும், ரெண்டு மணியும் அளவுல ஒண்ணுபோல இருக்கும்.

மில்லே வேண்டாத வழி ஒண்ணு இருக்கு. முழுக் கேழ்வரகு 4 டம்ளரை மூணு நாலு தண்ணி கழுவி 8 மணி நேரம் ஊற வைங்க. வெள்ளை உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன் தனியா 3 மணி நேரம் ஊறட்டும். உளுந்தைப் பொங்கப் பொங்க ஆட்டி எடுத்துட்டு, கேழ்வரகை நைசா ஆட்டி, உப்புப் போட்டுக் கலந்து ராத்திரி முழுக்கப் புளிக்க விடுங்க. தோசை கல்லுல ஒட்டிக் கிழிஞ்சா உளுந்து பத்தலை, இல்லை மாவு நீர்த்துப் போச்சுன்னு அர்த்தம். ஊறவெச்ச அவல் ஒரு கைப்பிடி சேர்த்து ஆட்டுங்க, பிடிப்பு வரும். கோடையில 6 மணி நேரத்துக்கு மேல வெளிய வெச்சா புளிச்சுப் போயிடும், பிள்ளை தொடமாட்டா.

பெருங்காயம் பலருக்குத் தெரியாத இடம். கடையில கிடைக்கிறது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம், அதுல கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பா பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கும், படிங்க. அரிசி மாவோ பிசினோ மட்டும் போட்டதும் கிடைக்குது, இல்லைன்னா பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வைங்க. கடை சாம்பார் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் பலதுலயும் இந்தப் பெருங்காயம்தான் போகுது.

மாசத்துக்கு நாலு பேருக்கு கேழ்வரகு 3 கிலோ, கம்பு 2 கிலோ, உளுந்து 2 கிலோ, வேர்க்கடலை 2 கிலோ, பொட்டுக்கடலை 1 கிலோ, தட்டைப்பயறோ கொள்ளோ 1 கிலோ. துவரம்பருப்பு ரேஷன்ல கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் வரும். அரிசிக்குப் பதிலா கோதுமை தர்றேன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.

பதில்: ஏற்காடு அடிவாரம்

சேலத்துல இருந்துக்கிட்டு ஜவ்வரிசியை விட்டுட்டீங்களே! மரவள்ளிக்கிழங்குல செய்யிறது, குளூட்டன் துளியும் இல்லை, விலையும் கம்மி. தினமும் காலையில ஜவ்வரிசி உப்புமா குடுங்க. மலைமேல இருந்து வர்ற சாமையும் நல்லது.

பதில்: உணவியல் ஹஸ்தம்பட்டி

ஜவ்வரிசியில் குளூட்டன் இல்லை என்பது சரி. ஆனால் இந்தக் குழந்தைக்கு அதைத் தினமும் கொடுக்கக் கூடாது. அது கிட்டத்தட்ட முழுவதும் மாவுச்சத்து. புரதம், நார்ச்சத்து, இரும்பு எல்லாம் பெயரளவுக்குத்தான். வயிறு நிறையும், உடம்பு தேறாது. வாரம் ஒரு நாள், அதுவும் ஒரு பங்கு ஜவ்வரிசிக்கு அரைப் பங்கு வறுத்துப் பொடித்த வேர்க்கடலை சேர்த்து. மரவள்ளிக்கிழங்கை வீட்டில் வேகவைத்தால் தோல் சீவி, நிறைய தண்ணீரில் மூடாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சயனைடு தரும் பொருள் கிழங்கில் இருக்கிறது. கசக்கிற கிழங்கை வாங்கவே வேண்டாம்.

சாமை, தினை நல்லவை, ஆனால் உமி நீக்கும் செலவால் விலை கூடுதல். உங்கள் கணக்குக்குக் கேழ்வரகும் கம்பும் போதும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. இந்த நோயில் எலும்பு மெலிவதால் அது அவசியம். கம்பில் இரும்பு அதிகம்.

டானிக் கொடுத்தும் ரத்தம் ஏறாததற்குக் காரணம், இரும்பை உறிஞ்சும் முன்சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் (உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் நுண்ணிய முனைகள்) தேய்ந்து தட்டையாகிவிட்டதுதான். கோதுமையை முழுக்க நிறுத்தினால் அவை திரும்ப வளரும், அதன்பின் அதே டானிக் வேலை செய்யும். டாக்டர் சொல்லும் வரை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டோடு டீ, காபி கொடுக்க வேண்டாம், ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். முருங்கைக்கீரை, பயறு சாப்பிடும் வேளையில் அரை எலுமிச்சையோ ஒரு நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும். தினம் ஒரு முட்டை. ரேஷன் அரிசியில் நிறம் மாறித் தெரியும் செறிவூட்டிய மணிகள் இருந்தால் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறியாதீர்கள். அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்தவை அவை.

ஆரம்பத்தில் பால் குடித்தால் வயிற்றுப்போக்கு வரலாம். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதியும் அதே குடலுறிஞ்சிகளில்தான் சுரக்கிறது. சில வாரம் தயிர், மோர் கொடுத்துப் பாருங்கள். ஆறு மாதத்தில் டிடிஜி (tTG, சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்புப் புரத அளவு) ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அளவு இறங்காவிட்டால் எங்கோ கோதுமை போய்க்கொண்டிருக்கிறது. உயரத்தையும் எடையையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள்.

அம்மாபேட்டை தறி

ரொம்ப நன்றிங்க. பள்ளிக்கூடத்துல காலை உணவுத் திட்டத்துல சாப்பிடுறா. அதை என்ன பண்றது? அங்கன்வாடி சத்துமாவு தம்பிக்குத் தர்றாங்க, அதை இவளும் கேக்குறா. சப்பாத்தி வேணும்னு அழவும் செய்யிறா.

பதில்: லீ பஜார் தானியம்

சத்துமாவுல கோதுமை உண்டு, வேண்டவே வேண்டாம். மால்ட்னு போட்ட பான மாவுகளும் பெரும்பாலும் பார்லி, கோதுமைதான். கேழ்வரகை முளைகட்டிக் காயவெச்சு வறுத்து அரைச்சா வீட்டுலயே ராகி மால்ட்.

காலை உணவுல ரவா உப்புமா, சேமியா, கோதுமை ரவை கிச்சடி அடிக்கடி வரும். அரிசிப் பொங்கல் போடுற அன்னைக்கும் கரண்டியும் பாத்திரமும் ஒண்ணுதான். டாக்டர் சீட்டோட நகலைத் தலைமையாசிரியர்கிட்ட குடுத்துட்டு, காலைக்கு வீட்டுலேர்ந்து ரெண்டு இட்லியோ கேழ்வரகுப் புட்டோ குடுத்து விடுங்க. மதியம் வெறும் சோறும் அவிச்ச முட்டையும்னா, கரண்டியும் பாத்திரமும் கோதுமை படாததான்னு கேட்டுட்டு வாங்கிக்கலாம். குழம்புக்கு என்ன பெருங்காயம்னு சமைக்கிற அக்காவைக் கேளுங்க, சந்தேகம்னா குழம்பு மட்டும் வீட்டுலேர்ந்து.

சப்பாத்திக்கு: 1 டம்ளர் தண்ணியை உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய் போட்டுத் தளதளன்னு கொதிக்க வைங்க. அடுப்பை அணைச்சு 1 டம்ளர் கம்பு மாவோ வெள்ளைச் சோள மாவோ கொட்டிக் கிளறி 5 நிமிஷம் மூடி வைங்க. கை பொறுக்கிற சூட்டுல அழுத்திப் பிசைஞ்சு, வாழை இலை நடுவுல வெச்சுத் தட்டுங்க. கோதுமையில குளூட்டன் இழுவை குடுக்குது, இங்க கொதிநீர்ல வெந்த மாவுச்சத்துதான் பிடிச்சு நிறுத்துது. ஓரம் வெடிச்சா தண்ணி நல்லா கொதிக்கலை, இல்லை மாவு பழசு. வேகவெச்சு மசிச்ச மரவள்ளிக்கிழங்கு கால் டம்ளர் சேர்த்தா மெதுவா மடியும். கம்பு மாவு பத்து நாளுக்கு மேல கசந்துடும், கொஞ்சம் கொஞ்சமா அரைங்க.

கடைத்தெருவுல தட்டுவடை செட் வாங்கித் தராதீங்க. அரிசி மாவுதான், ஆனா சிலர் மைதா சேர்ப்பாங்க, சமோசா போட்ட எண்ணெய்லயே பொரிப்பாங்க. வீட்டுல தட்டிப் பொரிச்சு, பீட்ரூட், கேரட் துருவி வைங்க.

கேள்வி: சூரமங்கலம்

இடையில ஒரு கேள்வி. எனக்குச் சீலியாக் இல்லை, சர்க்கரை இருக்கு, எடையும் அதிகம். கோதுமையை விட்டா குறையுமா?

பதில்: உணவியல் ஹஸ்தம்பட்டி

கோதுமையை விட்டதற்காக மட்டும் குறையாது. ரெண்டு சப்பாத்தியை எடுத்துவிட்டு ஒரு தட்டு வெள்ளைச் சோறு வைத்தால் சர்க்கரை கூடத்தான் செய்யும். சோற்றின் அளவைக் குறைத்து, தட்டில் பாதி காய், கால் பங்கு பயறு அல்லது முட்டை வையுங்கள். கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்றால் நீங்களாக நிறுத்தாமல் முதலில் டிடிஜி பரிசோதனை செய்யுங்கள். நிறுத்தியபின் செய்தால் நோய் இருந்தாலும் இல்லையென்று வரக்கூடும்.

அம்மாபேட்டைச் சகோதரி, இது உங்களுக்கும் பொருந்தும். சீலியாக் குடும்ப வழி வருவது. நீங்கள், கணவர், தம்பி மூவருக்கும் இந்தப் பரிசோதனை ஒருமுறை வேண்டும். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். வீடு முழுக்கக் கோதுமையை நிறுத்தப்போகிறீர்கள் என்றால் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகு நிறுத்துங்கள்.