படைப்பு நம்பிக்கையும் பரிணாமமும்: ஒன்றை ஏற்றால் மற்றொன்றை விட்டுவிட வேண்டுமா?

கார்முகில்:

கடவுளே உலகைப் படைத்தார் என்று நம்புகிற ஒருவர், எல்லா உயிரினங்களும் பொது மூதாதையிலிருந்து கிளைத்து வந்தவை என்பதையும் மனமார ஏற்க முடியுமா? முடியும் என்பதே என் நிலை. நான் வழிபடுகிறவன், பரிணாமச் சான்றுகளையும் கற்றவன், இரண்டில் எதையும் அரை மனத்தோடு வைத்துக்கொள்ள விரும்பாததால்தான் இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன்.

டார்வினின் நூல் 1859-இல் வெளிவந்தபோது, அமெரிக்காவில் அவருக்காக முன்னின்று வாதாடியவர் ஆசா கிரே என்ற தாவரவியலாளர். அவர் பற்றுறுதி மிக்க கிறித்தவர். மரபியலையும் இயற்கைத் தேர்வையும் (சூழலுக்குப் பொருந்தும் உயிர்களே மிகுதியாகப் பிழைத்துப் பெருகுவது) இணைத்து இன்றைய பரிணாமக் கோட்பாட்டுக்கு உருவம் கொடுத்தவர்களுள் ரொனால்ட் ஃபிஷர் ஆங்கிலிகன் திருச்சபையைச் சேர்ந்தவர். அவர்களுள் மற்றொருவரான தியடோசியஸ் டாப்சான்ஸ்கியும் இறைநம்பிக்கை உடையவரே. மனித உடலின் தோற்றம் பற்றிய ஆய்வுக்குத் தடையில்லை, ஆனால் ஆன்மா கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்று கத்தோலிக்கத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950-இல் எழுதினார். 1996-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

என் வாதம் இதுதான். ஒற்றைச் செல்லாகத் தொடங்கும் கரு பத்து மாதங்களில் எவ்வாறு உருப்பெறுகிறது என்பதைக் கருவியல் படிப்படியாக விளக்குகிறது. அந்த விளக்கத்தில் கடவுளுக்கென்று ஒரு படிகூட ஒதுக்கப்படவில்லை. ஆயினும் 'கடவுள் தந்த பிள்ளை' என்று சொல்லும் பெற்றோர் கருவியலை மறுக்கிறார்கள் என்று எவரும் குற்றம் சாட்டுவதில்லை. இயற்கைக் காரணங்கள் தம் தளத்தில் முழுமையாக இயங்குகின்றன. அக்காரணங்கள் இருப்பதற்கே காரணமானவர் அவற்றுள் ஒன்றாக நிற்பதில்லை. ஒரு பிள்ளையின் பிறப்புக்கு இதை ஏற்கிறவர்கள் ஓர் இனத்தின் பிறப்புக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

நேர்கோடு:

நண்பர் கார்முகில் அவர்களுக்கு வணக்கம். ஓர் அறிவியலாளரின் நெஞ்சில் இரண்டு கொள்கைகள் குடியிருந்தன என்பது, அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பதற்குச் சான்றாகாது. ஆகவே பெயர்களை விட்டுவிட்டுக் கருவைப் பற்றிய வாதத்துக்கு வருகிறேன். கருவின் வளர்ச்சிக்கு ஒரு முடிவிடம் உண்டு. பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக்கள் அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. பரிணாமத்துக்கு அப்படி ஒரு முடிவிடம் இருப்பதாக எந்தச் சான்றும் இல்லை.

சால்வடார் லூரியாவும் மாக்ஸ் டெல்புரூக்கும் 1943-இல் வெளியிட்ட சோதனையை எண்ணிப் பாருங்கள். பாக்டீரியாக்களைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, பிறகு ஒவ்வொரு குழாயில் உள்ளவற்றையும் அவற்றைக் கொல்லும் வைரஸ் உள்ள தட்டில் பரப்பினார்கள். வைரசைச் சந்தித்த பிறகுதான் எதிர்ப்பாற்றல் பிறக்கிறது என்றால், எல்லாத் தட்டுகளிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் பாக்டீரியாக்கள் பிழைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு: பல தட்டுகளில் ஒன்றுமே பிழைக்கவில்லை, சிலவற்றில் ஏராளமாகப் பிழைத்தன. அதாவது, ஆபத்து வருவதற்கு முன்பே, அதை எதிர்பாராமலே, அங்கொன்றும் இங்கொன்றுமாக மரபணு மாற்றங்கள் நிகழ்ந்திருந்தன. பரிணாமத்தின் மூலப்பொருள் இப்படித் தேவையை அறியாமல் வருவது. இதற்கு மேல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த விண்கல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது விழுந்திராவிட்டால் பாலூட்டிகளுக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்குமா, நாம் இருவரும் இங்கே உரையாடிக்கொண்டிருப்போமா என்பது ஐயமே. மனிதன் கடவுளின் நோக்கம் என்றால், அந்த நோக்கம் இதில் எங்கே இருக்கிறது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இயற்கைக் காரணங்களுக்கு நடுவே கடவுள் தலையிடுவதில்லை என்று ஆய்வகத்தில் ஒப்புக்கொள்ளும் தாங்கள், காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்காக வேண்டும்போது தலையிடச் சொல்லித்தானே கேட்கிறீர்கள்? வேண்டுதலுக்குச் செவிசாய்க்கும் கடவுளும், தாங்கள் வாதாடும் கடவுளும் ஒருவர்தாமா?

அடைக்கலம்:

சகோதரர் நேர்கோட்டின் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் இரண்டும் பொருந்தாது என்பதில் அவரோடு உடன்படுகிறேன். கார்முகில் அவர்கள் தொடாமல் விட்ட இடம் ஒன்று உண்டு. ஆதாம் என்ற ஒரே மனிதனால் பாவமும், பாவத்தால் மரணமும் உலகில் நுழைந்தன என்று விவிலியத்தில், உரோமருக்கு எழுதிய திருமுகத்தில் திருத்தூதர் பவுல் கற்பிக்கிறார். மீட்பைப் பற்றிய போதனை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே விலங்குகள் ஒன்றையொன்று கிழித்துத் தின்றன, இனம் இனமாக மடிந்தன என்றால், மரணம் தண்டனை அல்ல; அது கடவுள் கையாண்ட கருவி. அத்தகைய படைப்பைப் பார்த்து அவர் 'மிகவும் நன்று' என்று சொன்னார் என்று நான் எப்படி நம்புவேன்?

ஓர் இனத்துக்குள் நிகழும் சிறு மாற்றங்களை நானும் மறுக்கவில்லை. ஆனால் இல்லாத ஒரு திறன் புதிதாகப் பிறந்ததைக் கண்டவர் யார்?

மருதம்:

நான் மரபியல் கற்பிக்கிறவள். கடைசிக் கேள்விக்கு விடை இருக்கிறது. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் ஒரே வகைப் பாக்டீரியாவை 12 குழுக்களாகப் பிரித்து வளர்க்கத் தொடங்கினார். முப்பதாயிரம் தலைமுறைகளைத் தாண்டிய பிறகு அவற்றுள் ஒரே ஒரு குழு, ஆக்சிஜன் உள்ள சூழலில் சிட்ரேட் என்ற வேதிப்பொருளை உணவாக்கும் திறனைப் பெற்றது. அவ்வகைப் பாக்டீரியாவுக்கு இயல்பாக இல்லாத திறன் அது.

அடைக்கலம் ஐயா சிந்திக்க வேண்டும் என்று நான் விரும்புவது வேறொன்று. பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. அதன் கடைசிப் படிக்குத் தேவையான நொதியைத் தரும் மரபணு நம்மிடமும் இருக்கிறது, எட்டாவது குரோமோசோமில், சிதைந்துபோய், வேலை செய்யாமல். பழங்களும் காய்களும் இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகள் ஈறு அழுகிச் செத்தது இதனால்தான். இதே மரபணு சிம்பன்சியிலும் ஒராங்குட்டானிலும் மக்காக் குரங்கிலும் சிதைந்திருக்கிறது. நம்மிடம் தொலைந்துபோன அதே பகுதிகள் அவற்றிடமும் தொலைந்திருக்கின்றன. கினிப்பன்றியிலும் இந்த மரபணு கெட்டுப்போயிருக்கிறது, ஆனால் அங்கே சிதைவின் அமைப்பு வேறு. தனித்தனியே படைக்கப்பட்டவற்றில் உடைசல்கூட ஏன் உறவுமுறைப்படி அமைய வேண்டும்?

போகிற போக்கில் ஒன்று சொல்ல வேண்டும். இவ்விவாதம் வரும்போதெல்லாம், மீன், ஆமை, பன்றி என்ற அவதார வரிசையே பரிணாமம்தான் என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அவதாரங்களுள் ஒன்று மற்றொன்றுக்கு மூதாதை அல்ல; கிளைத்தல் என்பதே அங்கில்லை. சைவ சித்தாந்தம் இங்கே உண்மையிலேயே வேறொரு இடத்தில் நிற்கிறது. அதன்படி உயிர்கள் என்றும் உள்ளவை, எவராலும் படைக்கப்படாதவை. உடலும் உலகும்தான் மாயை என்ற மூலப்பொருளிலிருந்து தோற்றுவிக்கப்படுகின்றன. அந்த நிலையில் உள்ளவருக்கு, உடல்கள் நீண்ட காலத்தில் படிப்படியாக உருவாயின என்பது பெரிய இடறலாக இராது. இசுலாமிய அறிஞர் பலருக்கோ விலங்குகளின் பரிணாமத்தில் சிக்கல் குறைவு. ஆதமின் படைப்பில்தான் தடை எழுகிறது. எந்த நம்பிக்கை, அதில் எந்தக் கூறு என்று பார்க்காமல் 'மதமும் பரிணாமமும்' என்று பொதுவாகப் பேசுவது பயனற்றது.

கார்முகில்:

முதலில் அடைக்கலம் ஐயாவுக்கு. தாங்கள் எழுப்பியதே மிகக் கடினமான கேள்வி என்று நானும் கருதுகிறேன். ஆனால் விலங்குகளின் இறப்பு மனிதனின் பாவத்தால் வந்தது என்பது கிறித்தவ மரபின் ஒரே குரல் அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்ற கத்தோலிக்க இறையியலாளர் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, மனிதன் செய்த பாவத்தால் விலங்குகளின் இயல்பு மாறிவிடவில்லை, இன்று ஊன் உண்ணும் சிங்கம் அன்று புல் மேய்ந்ததாகச் சொல்வது அறிவுக்கு ஒவ்வாது என்று எழுதினார். அப்போது டார்வினும் இல்லை, தொல்லுயிர் எச்சங்களைப் பற்றிய அறிவியலும் இல்லை. எவருக்கும் இடங்கொடுத்துப் பின்வாங்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. பவுல் பேசுவது மனிதனின் மரணத்தைப் பற்றியே என்று வாசிப்பது நேற்று கண்டுபிடித்த சூழ்ச்சி அன்று.

நேர்கோடு அவர்களின் முதல் கேள்விக்கும் அக்குவினாஸிடமே விடை தேடுகிறேன். கடவுளின் பராமரிப்பு தற்செயலை விலக்குவதில்லை என்று அவர் வாதிட்டார். லூரியாவின் சோதனை காட்டுவது, மரபணு மாற்றங்கள் அந்த உயிரியின் தேவையை முன்னறிந்து வருவதில்லை என்பதை. அதை நான் ஐயமின்றி ஏற்கிறேன். ஆனால் பாக்டீரியாவின் தேவையோடு தொடர்பில்லாத ஒன்று, எந்த நோக்கத்தோடும் தொடர்பில்லாதது என்ற முடிவு அந்தத் தட்டுகளிலிருந்து கிடைப்பதில்லை. கடவுளின் நோக்கத்தைத் தட்டில் எண்ணிக் காட்ட என்னாலும் முடியாது. அது இல்லை என்று எண்ணிக் காட்ட உங்களாலும் முடியாது.

குழந்தைக்காக வேண்டுவது பற்றி: ஆம், கேட்கிறேன்; மருந்தும் கொடுக்கிறேன். அற்புதங்கள் நிகழவே முடியாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. உயிரினங்களின் தோற்றத்தை விளக்க அவை தேவைப்படவில்லை என்றுதான் சொல்கிறேன். விளக்கத்தில் ஓட்டை விழும் இடத்திலெல்லாம் கடவுளைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள், அடுத்த ஆய்வுக் கட்டுரை வெளிவரும்போது அவரை அங்கிருந்து அகற்ற வேண்டியிருக்கிறது. எனக்கு அது வழிபாட்டுக்கு இழுக்காகத் தோன்றுகிறது.

அடைக்கலம்:

மருதம் அம்மாவின் எடுத்துக்காட்டுக்கு விடை சொல்கிறேன். நல்லதாகப் படைக்கப்பட்ட மரபணு, முதல் மனிதன் பாவத்தில் விழுந்த வீழ்ச்சிக்குப் பின் கெட்டுப்போயிற்று. இதில் என் நம்பிக்கைக்கு முரண் எதுவும் இல்லை.

மருதம்:

கெட்டது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை ஐயா. மனிதரிடமும் சிம்பன்சியிடமும் அது தனித்தனியே கெட்டிருந்தால், கினிப்பன்றியில் கண்டதுபோல வேறு வேறு விதமாகச் சிதைந்திருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே சிதைவு இருப்பதுதான் கேள்வி. அதற்கு இன்னும் விடை வரவில்லை.

நேர்கோடு:

நண்பர் கார்முகில், தற்செயலைப் பற்றி நீங்கள் சொன்னது தருக்கப்படி நிற்கும். ஆகவே தருக்கத்தை விட்டு, துன்பத்துக்கு வருகிறேன். நீங்கள் முன்னிறுத்திய அதே ஆசா கிரேவுக்கு 1860-இல் டார்வின் ஒரு கடிதம் எழுதினார். அன்பும் எல்லாம் வல்ல ஆற்றலும் உடைய ஒரு கடவுள் இக்நியூமன் குளவியை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்றார். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த குளவிகள் பல, கம்பளிப்புழுவின் உடலுக்குள் முட்டையிடுகின்றன. வெளிவரும் இளம்புழு, தன்னைத் தாங்கும் உடலை உள்ளிருந்தே தின்கிறது. உயிர் தரித்திருக்கத் தேவையான உறுப்புகளைக் கடைசிவரை விட்டுவைக்கிறது, ஏனெனில் இரை செத்தால் உணவு கெட்டுவிடும். இயற்கைத் தேர்வு இதை எளிதாக விளக்குகிறது. அந்தத் தேர்வையே தம் படைப்புமுறையாகக் கடவுள் தேர்ந்துகொண்டார் என்று சொல்கிற நீங்கள் என்ன விளக்கம் தருவீர்கள்?

கார்முகில்:

இயற்பியலாளராக இருந்து குருவான ஜான் போல்கிங்ஹோர்ன் தந்த விடை ஒன்று உண்டு. தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ளும் உரிமை பெற்ற உலகில், புதிய உயிர்வடிவங்களைத் தரும் அதே மரபணு மாற்றம் புற்றுநோயையும் தரும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றொன்றை நீக்க முடியாது என்பார். அதில் பாதியை ஏற்கிறேன். மற்றப் பாதியை ஏற்க முடியாததற்குக் காரணம், விலை கொடுப்பவர் ஒருவராகவும் பயன் பெறுபவர் வேறொருவராகவும் இருப்பதுதான். கம்பளிப்புழுவுக்கு இதனால் கிடைத்தது எதுவுமில்லை. இங்கே என்னிடம் முழு விடை இல்லை. விடை இருப்பதாக நடிப்பது நான் வணங்குகிறவருக்குச் செய்யும் அவமதிப்பு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் இனமும் தனித்தனியே வடிவமைக்கப்பட்டது என்று சொல்கிறவருக்கு இந்தக் குளவி இன்னும் பெரிய சுமை. முட்டையிடும் அந்த ஊசி, இரையை உயிரோடு வைத்திருக்கும் அந்த வரிசை, எல்லாம் நேரடியாகக் கடவுளின் கைவேலை என்று அவர் சொல்ல வேண்டும். அல்லது மனிதனின் வீழ்ச்சிக்குப் பிறகு குளவிக்குப் புதிய உடலுறுப்பு வழங்கப்பட்டது என்று சொல்ல வேண்டும். பரிணாமத்தை ஏற்றதால் எனக்கு வந்த சிக்கல் அன்று இது. விவிலியத்தில், குற்றமின்றித் துன்புற்ற யோபு கேட்டபோதே இருந்தது.

நேர்கோடு:

யோபு கேட்டது ஒரு மனிதனுக்கு நேர்ந்த துன்பத்தைப் பற்றி; இங்கே துன்பமே படைப்பின் வழிமுறை. அந்த வேறுபாட்டை நீங்கள் சுருக்கிவிட முடியாது. இனி ஒரே ஒரு கேள்வி. ஒவ்வோர் உயிரின் உருவமும் அதனதன் நன்மைக்காகவே விரும்பி அமைக்கப்பட்டது என்ற நம்பிக்கையை நீங்கள் கைவிட்டுவிட்டீர்கள். உங்களோடு அமர்ந்து வழிபடுகிற பெரும்பாலோர் அதைக் கைவிடவில்லை. அவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா?

கார்முகில்:

சொல்லியிருக்கிறேன். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் டைனோசரைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். அவை மனிதனுக்கு வெகு காலம் முன்பே அழிந்தன, அந்த அழிவு எவருடைய பாவத்துக்கும் தண்டனை அல்ல என்று தெளிவாகவே கற்பிக்கிறேன். பெற்றோரில் சிலர் எதிர்த்தார்கள், இன்னும் எதிர்க்கிறார்கள். அடைக்கலம் ஐயா கேட்டதையேதான் அவர்களும் கேட்கிறார்கள், அக்குவினாஸ் எழுதியதையே அவர்களுக்கும் எடுத்துக்காட்டுகிறேன். குளவியைப் பற்றி இதுவரை எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. கேட்டால் உங்களுக்கு எழுதியதையே, விடை முழுமையாக இல்லை என்பதையும் சேர்த்து, சொல்வேன்.