எட்டால் வகுத்த பிறகும் தீராத வேகக் கணக்கு: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

இரவுப்பணி எழுதியது:

ஒரு வங்கியின் வட்டார அலுவலகத்துக்கு இ1 தனிவழி இணைப்பு கொடுத்திருந்தோம். அவர்களுடைய அதிகாரி, இணைப்பில் ஓடும் தரவைக் கோடாக வரைந்து காட்டும் எம்.ஆர்.டி.ஜி. மென்பொருளின் வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்து, உச்ச நேரத்திலும் 240 கிலோவைத் தாண்டாத கோட்டைக் காட்டி, "இரண்டு மெகாவுக்குப் பணம் கட்டுகிறோம், கால் மெகாகூட வரவில்லை" என்றார். இன்றும் என் கண்ணைவிட்டு அகலாதது அவருடைய கட்டைவிரல்தான். தாளின் இடது ஓரத்தில், செங்குத்தாக, 'வினாடிக்கு பைட்' என்று பொடி எழுத்தில் அச்சாகியிருந்ததை அது சரியாக மறைத்துக்கொண்டிருந்தது. இ1 என்பது வினாடிக்கு 2.048 மெகாபிட், 32 டைம்ஸ்லாட்டாக (சம நேரப் பங்காக)ப் பிரிந்தது. ஒத்திசைவுக்கான ஒரு டைம்ஸ்லாட் போனால் மிஞ்சுவது 1.984 மெகாபிட், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் வினாடிக்கு 248 கிலோபைட். அதில் 240 ஓடுகிறது என்றால் இணைப்பு பிதுங்குகிறது என்று பொருள். அவருக்குத் தேவைப்பட்டது கட்டணக் கழிவு அன்று, இரண்டாவது இ1. எட்டால் பெருக்கிக் காட்டினேன். "விற்க வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள்" என்று சிரித்துவிட்டு, 'வேகக் குறைபாடு' என்றே கூட்டக் குறிப்பில் எழுத வைத்தார்.

செம்புக்கம்பி எழுதியது:

248 என்பதை அப்படியே ஏற்க முடியாது. ஃப்ரேமிங் (அந்த ஒத்திசைவு ஸ்லாட்டை ஒதுக்கும் அமைப்பு) இல்லாமல் கட்டமைத்த இ1-இல் 2.048 முழுவதும் பயனருக்கே கிடைக்கும். அப்போது அது 256 கிலோபைட். எந்த அமைப்பு என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அந்த அதிகாரிக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

எனக்கு வாய்த்தவர் வேறு வகை. ஓர் இ1 இணைப்பின் ஒப்படைப்புச் சோதனையில் எங்கள் கருவி 20,48,000 பிட் என்று காட்டியது. சரிபார்க்க வந்தவர் 1024-ஐ 1024-ஆல் பெருக்கி, அதை இரட்டித்து, 20,97,152 வந்திருக்க வேண்டும் என்று சொல்லிச் சோதனைத் தாளில் சிவப்பு மையால் '49,152 பிட் குறைவு' என்று எழுதினார். 2048 என்ற எண்ணைப் பார்த்ததும் கணினி நினைவகம் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் தொலைபேசிக் குரலை வினாடிக்கு 8000 முறை மாதிரி எடுத்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டாக்கினால் 64,000. அப்படி 32 ஸ்லாட். இதில் 1024 எங்கே வருகிறது? இ1 போன்ற அமெரிக்க இணைப்பான டி1-இல் 24 ஸ்லாட்டும், ஃப்ரேமிங்குக்கு 8 கிலோபிட்டும் சேர்ந்து 1,544 கிலோபிட் ஆவதைக் காட்டிய பிறகும் அவர் அந்தச் சிவப்பு வரியை அடிக்கவில்லை.

மாடிவீட்டு வாசகி எழுதியது:

நான் உங்கள் துறையைச் சேர்ந்தவள் அல்லள். எங்கள் வீட்டில் 100 எம்.பி.பி.எஸ். (வினாடிக்கு 100 மெகாபிட்) திட்டம், கணினியில் கேபிளை நேரடியாகச் செருகினாலும் தரவிறக்கச் சாளரம் 11.3 எம்.பி.க்கு மேல் போவதில்லை. பார்க்க வந்த தம்பி கைப்பேசியில் நூறை எட்டால் வகுத்து, "12.5 வரணும்கா, மிச்சம் ஒயர் லாஸ்" என்று சொல்லிப் புதுக் கேபிள் போட்டார். மீண்டும் 11.3. உடனே வேகச் சோதனைப் பக்கத்தைத் திறந்தார், அங்கே 94.9 வந்தது. ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்துச் சாளரங்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, ஒன்றுக்கு நிம்மதியும் மற்றொன்றுக்குக் கவலையும் அவர் முகத்தில் வந்து போனதை மறக்க முடியவில்லை. அந்த 1.2 எங்கேதான் போகிறது?

பழைய எக்ஸ்சேஞ்ச் எழுதியது:

அம்மா, கேபிளில் எதுவும் தொலையவில்லை. 1500 பைட் பாக்கெட் ஒன்று ஈதர்நெட்டில் போகும்போது தலைப்பு, இடைவெளி எல்லாம் சேர்த்து 1538 பைட்டுக்கான நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் உங்கள் கோப்பின் பங்கு 1460. ஆகவே 100-இல் 94.9. அதை எட்டால் வகுத்தால் வினாடிக்கு 11.87 மில்லியன் பைட். உங்கள் சாளரம் 10,48,576 பைட்டை ஓர் எம்.பி. என்று எண்ணுவதால் அது 11.3 ஆகிறது. இந்தப் பெரிய அளவுக்கு 'மெபிபைட்' என்ற தனிப்பெயரை ஐ.இ.சி. என்ற பன்னாட்டு மின்தொழில்நுட்பத் தரநிலை அமைப்பு 1998-லேயே கொடுத்துவிட்டது; விண்டோஸ் இன்றும் அதைச் சீண்டுவதில்லை.

என் அனுபவம் சிறியது. ஓர் இணைப்பின் பயன்பாட்டு விழுக்காடு எவ்வளவு நெரிசலிலும் 12.5-இல், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல், தட்டையாக நின்றது. வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறையான எஸ்.என்.எம்.பி. இடைமுகத்தின் வேகத்தைப் பிட்டிலும், கடந்துபோன தரவை ஆக்டெட்டிலும் (எட்டு பிட், அதாவது பைட்) தருகிறது. நிரலை எழுதியவர் ஆக்டெட்டை எட்டால் பெருக்க மறந்து, அப்படியே வேகத்தால் வகுத்துவிட்டார். 80 விழுக்காட்டில் அடிக்க வேண்டிய எச்சரிக்கை மணி எப்படி அடிக்கும்?

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். அட்டவணையில் வெறும் 'எம்.பி.' என்று தலைப்பிடாதீர்கள். பிட்டா பைட்டா, ஆயிரமா 1024-ஆ என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள். ஒரு மெகாபிட் வேகம் நாள் முழுவதும் ஓடினால் 10.8 ஜிகாபைட் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், வேகத்தையும் மாத அளவையும் ஒப்பிடக் கால்குலேட்டரே வேண்டாம். கடந்துபோன பைட்டுகளை எண்ணிக்கொண்டே போகும் 32 பிட் எண்ணியை ஜிகாபிட் இணைப்பில் நம்பாதீர்கள். முழு வேகத்தில் அது 34 வினாடியில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை படிப்பவருக்கு எத்தனை சுற்று போயிற்று என்றே தெரியாது. 64 பிட் எண்ணியையே படியுங்கள். செம்புக்கம்பி அவர்கள் ஃப்ரேமிங்கைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கட்டைவிரலுக்கு அடியில் இருந்த தகராறு ஃப்ரேமிங் அன்று.

மாடிவீட்டு வாசகி எழுதியது:

நன்றி ஐயா. நீங்கள் சொன்ன 10.8-ஐ வைத்துப் போட்டுப் பார்த்தேன். 'வரம்பற்றது' என்று விற்கப்பட்ட எங்கள் திட்டத்தின் அடிக்குறிப்பில் மாதத்துக்கு 3.3 டெராபைட் என்று இருக்கிறது. முழு வேகத்தில் ஓடினால் சுமார் 73 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அந்த டெராபைட்டை 1000 ஜி.பி.யாக எண்ணுகிறார்களா, 1024-ஆகவா? 79 ஜி.பி. வித்தியாசம் வருகிறது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோது மோடத்தை அணைத்துவிட்டு மீண்டும் போடச் சொன்னார்கள்.