செக்யூரிட்டி லேபிளுக்குத் தமிழ்: ‘காப்பு முத்திரை’

நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸில் எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அமைப்பு எஸ்இலினக்ஸ். அது ஒவ்வொரு கோப்புக்கும் இடும் பாதுகாப்பு அடையாளம்தான் லேபிள். எஸ்இலினக்ஸ் தமிழ்க் கையேட்டில் லேபிள் என்ற இடத்தில் ‘சிட்டை’ போடலாம் என்ற பரிந்துரை எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் காரைக்குடிப் பக்கம் சிட்டை என்றால் அன்றாட வரவுசெலவு எழுதும் நோட்டு. சிட்டையும் பேரேடும் சேர்ந்தே வரும். கோப்பு அனுமதிப் பாடத்தில் அதைப் பார்ப்பவர் ஏதோ பதிவேடு என்றுதான் நினைப்பார். லேபிளுக்குக் கான்டெக்ஸ்ட் என்றும் பெயர் உண்டு, அதற்காகச் ‘சூழல்’ என்று போடுவதும் வேண்டவே வேண்டாம். அதை என்விரான்மென்ட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது.

‘காப்பு முத்திரை’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

செட்டிநாட்டு வீடுகளில் சீர்ப் பாத்திரங்களில் விலாசம் வெட்டியிருக்கும். அண்டா எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அந்தத் தலைப்பெழுத்து மாறாது. லேபிளும் அப்படித்தான், கோப்பு இருக்கும் அடைவை (டைரக்டரி) சேர்ந்ததல்ல. கோப்போடு ஒட்டிய கூடுதல் பண்பாகப் பதிவாகிறது. வீட்டு அடைவில் எழுதிய வலைப்பக்கத்தை ‘எம்வி’ கட்டளையால் அப்பாச்சி என்ற வலை சர்வரின் அடைவுக்கு நகர்த்திப் பாருங்கள். ‘யூசர்_ஹோம்_டி’ என்ற பழைய வகையோடே போய் உட்காரும். படிக்கும் அனுமதி எல்லாருக்கும் இருந்தும் உலாவியில் 403 (அனுமதி மறுப்பு) பிழைதான் வரும். ‘சிபி’ கொண்டு நகலெடுத்தால் சேரும் அடைவுக்குரிய முத்திரை விழும். புதியவர்கள் இந்த இடத்தில்தான் தவித்துப்போய் எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுகிறார்கள். கையேடு அவர்களுக்காகத்தான்.

வினையாகவும் இது நன்றாக நடக்கிறது. ‘சிஎச்கான்’ கட்டளை கோப்பின் முத்திரையை மட்டும் மாற்றும், விதிப் பட்டியலில் எதுவும் ஏறாது. பிறகு, விதிப்படியான முத்திரையை மீட்கும் ‘ரீஸ்டோர்கான்’ ஓடினால் பழையபடி ஆகிவிடும். நிலைக்க வேண்டுமென்றால் ‘செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்’ வழியே விதியை எழுதி, அப்புறம் ‘ரீஸ்டோர்கான்’ ஓட்ட வேண்டும். ஆகவே முத்திரை மாற்றம், முத்திரை விதி, முத்திரை மீட்பு என்று மூன்றையும் தனித்தனியாகவே எழுதுவோம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘அமைத்தல்’ என்று போட்டால், ‘சிஎச்கான்’ ஓட்டியவர் வேலை முடிந்தது என்று நம்பிவிடுவார்.

முத்திரைக்குள் யூசர், ரோல், டைப், லெவல் என நான்கு பகுதிகள். முதல் மூன்றுக்குப் பயனர், பங்கு, வகை போதும். சாதாரண சர்வரில் பெரும்பாலும் வேலை பார்ப்பது வகைதான், அதனால் அந்தச் சொல்லை வேறெதற்கும் செலவழிக்க வேண்டாம். லெவலுக்கு ‘நிலை’ என்றால் என்ஃபோர்சிங் (விதி மீறலைத் தடுப்பது), பெர்மிசிவ் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்வது) என்ற எஸ்இலினக்ஸ் நிலைகளோடு குழம்பும். ‘படி’ என்றால் நகலோடு மோதும். ‘அடுக்கு’ எனக்குப் பிடித்திருக்கிறது. மறுப்பு இருந்தால் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுதுங்கள், அதை வைத்தே முடிவு செய்யலாம்.